ஒரு அங்குலம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



போன வருஷம் வாலிபால் டீமுக்கு ஆள் எடுத்தபோது என்னை வரிசையிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார்கள். "ஆட்டம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஹைட்டுதான் பத்தலை" என்றார் தேர்வு செய்ய வந்தவர். என் உயரம் 5 அடி 3 அங்குலம். அந்தக் கோபத்தோடு லைப்ரரியில் போய் உட்கார்ந்து, உயரம் இல்லாமல் விளையாட்டில் பெயர் வாங்கியவர்கள் யார் யார் என்று புரட்ட ஆரம்பித்தேன். அப்படிக் கையில் அகப்பட்டவர்தான் அமெரிக்க டென்னிஸ் வீரர் மைக்கேல் சாங். முதலில் அவருடைய வெற்றிக் கதையை மட்டும் எழுதலாம் என்று நினைத்தேன். படிக்கப் படிக்க அது நாம் முதல் வருஷத்தில் படித்த மெக்கானிக்ஸ் பாடமாக மாறிவிட்டது. அதனால் இடையில் கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம்!

சாங் 1972 பிப்ரவரி 22-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோபோக்கன் என்ற ஊரில் பிறந்தவர். சீன வம்சாவளிக் குடும்பம். அப்பா ஜோ, அம்மா பெட்டி இருவருமே கெமிஸ்ட்ரிக்காரர்கள். பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்தது அப்பாதான். பிற்பாடு மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக அம்மா தன் வேலையையே விட்டுவிட்டார். 1987-ல் 15 வயதுப் பையனாக அமெரிக்க ஓபனின் பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தார். ஸ்கூலை முழுசாக முடிக்காமல், அதற்குச் சமமான பரீட்சையை எழுதிவிட்டு 1988-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார். அப்போது சுமார் 16 வயது. நாம் பத்தாவது முடித்து அப்ளிகேஷன் பாரம் வாங்க நின்ற வயது.

வளர்ந்து முடித்த பிறகும் அவர் உயரம் 5 அடி 9 அங்குலம்தான். "இது என்ன குள்ளமா?" என்று கேட்பீர்கள். நம்ம ஊர்க் கணக்கில் இல்லைதான். ஆனால் உயர்மட்ட டென்னிஸில் இது குறைச்சல். எவ்வளவு குறைச்சல் என்பதைப் பின்னால் அளந்தே காட்டுகிறேன்.

பாரீஸ், 1989

அந்த வருஷம் ஃபிரெஞ்ச் ஓபனில் சாங்குக்கு 15-வது இடம் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது சுற்றில் அவரைவிட ஆறு மாசம் மூத்த இன்னொரு அமெரிக்கப் பையனை 6-1, 6-1, 6-1 என்று அடித்துத் துரத்தினார். அந்தப் பையன் பெயர் பீட் சாம்ப்ராஸ்! இந்த ஸ்கோரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நாலாவது சுற்று, ஜூன் 5. எதிரில் செக்கோஸ்லோவாகியாவின் இவான் லெண்டில். உலகின் முதல்நிலை வீரர், அதே மைதானத்தில் மூன்று தடவை பட்டம் வாங்கியவர். முதல் இரண்டு செட்டும் லெண்டிலுக்கு, 6-4, 6-4. மூன்றாவது செட்டைச் சாங் 6-3 என்று பிடித்தார். நாலாவது செட்டில் காலில் தசைப்பிடிப்பு ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் அதையும் 6-3 என்று எடுத்துவிட்டார். ஐந்தாவது செட்டில் நிற்கவே முடியவில்லை. பக்கம் மாறும் இடைவேளையில் உட்கார்ந்தால் கால் இறுகிப்போகும் என்று நின்றுகொண்டே தண்ணீர் குடித்தார், வாழைப்பழம் தின்றார். 2-1 என்று முன்னால் இருந்தபோது, 'போதும், விட்டுவிடலாம்' என்று நடுவரை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். பாதி வழியில் திரும்பினார்.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஓட முடியாது என்பதால் பந்தை ஆகாசத்துக்குத் தூக்கி அடித்து, அது இறங்கி வருவதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டார். எட்டும் தூரத்தில் வந்த பந்தை மட்டும் ஓங்கி அடித்தார். 4-3 என்ற நிலையில், தன்னுடைய சர்வீஸில் 15-30 என்று பின்தங்கியபோது, பந்தைத் தலைக்கு மேல் எறியாமல் இடுப்புக்குக் கீழேயே தட்டிவிட்டார். சின்னப் பிள்ளைகள் போடுவார்களே, அந்த மாதிரி சர்வீஸ்! விதிப்படி தப்பே இல்லை, ஆனால் அந்த மட்டத்தில் அப்போது மிக அபூர்வமாக இருந்த காரியம். லெண்டில் வலைப்பக்கம் ஓடிவர வேண்டியதாயிற்று, புள்ளி சாங்குக்கு. கடைசிப் புள்ளியில், லெண்டிலின் இரண்டாவது சர்வீஸை எதிர்கொள்ள சாங் பேஸ்லைனை விட்டு முன்னேறி சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். கூட்டம் சிரித்தது. லெண்டில் டபுள் ஃபால்ட். நாலரை மணி நேரத்துக்கும் மேல் நடந்த ஆட்டம் முடிந்தது.

சிலர் இதைத் தந்திரம் என்கிறார்கள், சிலர் அதிர்ஷ்டம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருக்கிற பொருள் எவ்வளவு என்று கணக்குப் பார்த்து, அதற்குள் ஜாப்பை முடித்த வேலை அது. கால் போச்சு, வேகம் போச்சு. மிச்சம் இருந்தது கையும் மூளையும்.

ஜூன் 11-ல் இறுதி ஆட்டம். ஸ்வீடனின் ஸ்டெஃபான் எட்பர்க்கை 6-1, 3-6, 4-6, 6-4, 6-2 என்று வென்றபோது சாங்குக்கு 17 வயதும் மூன்றரை மாதமும். ஆண்கள் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டம் வாங்கியவர்களில் இவரைவிடச் சின்ன வயதுக்காரர் இதுவரை கிடையாது. 1955-ல் டோனி டிராபர்ட் வென்ற பிறகு அந்தப் பட்டத்தை எடுத்த முதல் அமெரிக்க ஆணும் இவர்தான். அதே வாரத்தில்தான் பெய்ஜிங்கில், தியானன்மென் சதுக்கத்தில், மாணவர்கள் மீது ராணுவம் பாய்ந்தது. சாங் குடும்பம் அந்தச் செய்திகளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. எங்கோ இருக்கிற சீன மக்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரட்டும் என்று ஆடினேன் என்பதை அவர் பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார்.

நூல் கட்டிப் பார்த்த கணக்கு

இனி பாடம். டென்னிஸ் மைதானத்தில் பேஸ்லைனிலிருந்து வலை 39 அடி. வலையைத் தாண்டி சர்வீஸ் கோடு 21 அடி. மொத்தம் 60 அடி. வலையின் நடு உயரம் 3 அடி. பந்து நேர்கோட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு, சுழற்சி எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். வலையை உரசிக்கொண்டு போய்ச் சரியாக சர்வீஸ் கோட்டின் மேலேயே விழ வேண்டுமானால் எவ்வளவு உயரத்தில் அடிக்க வேண்டும்? வடிவொத்த முக்கோணம்தான்: 3 × 60 ÷ 21 = 8.57 அடி.

கையை நீட்டி எம்பி மட்டையால் அடிக்கிற உயரம், ஆளின் உயரத்தைப்போல் சுமார் ஒன்றரை மடங்கு. சாங்கின் 69 அங்குலத்துக்கு இது 103.5 அங்குலம், அதாவது 8.62 அடி. பார்த்தீர்களா? தேவை 8.57, கையில் இருப்பது 8.62! பலமாக, நேராக அடிக்க அவருக்குக் கிடைத்த டாலரன்ஸ் ஏறக்குறைய சைபர். லேத்தில் இப்படி ஒரு டாலரன்ஸ் கொடுத்தால் நம்மில் பாதிப் பேர் ஜாப்பைக் கெடுத்துவிடுவோம்.

6 அடி 1 அங்குல சாம்ப்ராஸுக்கு அதே கணக்கைப் போட்டால் அடிக்கும் உயரம் 9.12 அடி. வலையை உரசும் பந்து கோட்டுக்குள்ளே இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் விழும். அந்த இரண்டடிதான் அவருக்குச் சொத்து. நிஜத்தில் புவியீர்ப்பு பந்தைக் கீழே இழுத்து எல்லாருக்கும் உதவுகிறது. சுழற்சி கொடுத்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். ஆனால் சுழற்சிக்கு விலை உண்டு. வேகம் குறையும். குட்டையானவர் ஒவ்வொரு சர்வீஸிலும் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை நானும் என் ரூம்மேட்டும் ஒர்க்‌ஷாப் பின்னால் இருக்கிற காலியிடத்தில் நூல் கட்டியே பார்த்தோம். 39 அடியில் மூன்றடிக் குச்சி, 60 அடியில் சுண்ணாம்புக் கோடு. என் உயரத்துக்கு அடிக்கும் இடம் 7.87 அடி. அந்த உயரத்திலிருந்து குச்சி முனையைத் தொட்டு இழுத்த நூல், கோட்டைத் தாண்டி மூன்றடி வெளியே போய்த் தரையைத் தொட்டது. ரூம்மேட் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

1994-ல் சாங் கையில் எடுத்த மட்டை சாதாரண 27 அங்குலம் இல்லை, 28 அங்குலம். விதியில் அப்போது 32 அங்குலம் வரைக்கும் இடம் இருந்தது. ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் 27-ஐத் தாண்டாமலே இருந்தார்கள். ஒரு அங்குலத்தால் என்ன வந்துவிடும்? நூலைப் பிடியுங்கள். அடிக்கும் உயரம் 8.62 அடியிலிருந்து 8.71 ஆகிறது. பந்து விழும் இடம் கோட்டுக்குள்ளே இன்னும் சுமார் நாலு அங்குலம் வருகிறது. மேலே ஒரு அங்குலம் கொடுத்தால் கீழே நாலு அங்குலம்!

வேகமும் கூடும். கோண வேகம் மாறாவிட்டால் முனையின் வேகம் ஆரத்துக்கு நேர்விகிதம். தோளிலிருந்து பந்து படும் இடம் வரை ஏறக்குறைய 115 செ.மீ. என்று வைத்தால், இரண்டரை செ.மீ. கூடுவது 2 சதவீதம். மணிக்கு 180 கி.மீ. வேக சர்வீஸ் 184 ஆகலாம்.

'ஆகலாம்' என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் இன்னொரு பக்கம் இருக்கிறது, நம்முடைய பழைய எதிரி மொமண்ட் ஆஃப் இனர்ஷியா. மட்டையைச் சீரான ஒரு கம்பி என்று எடுத்துக்கொண்டு ஒரு முனையைப் பிடித்துச் சுற்றினால், நிறை பெருக்கல் நீளத்தின் வர்க்கம், வகுத்தல் 3. நிறை மாறாமல் நீளம் மட்டும் 27-லிருந்து 28 ஆனால் 784 ÷ 729, அதாவது ஏழரை சதவீதம் கூடிவிடும். நீளத்தில் கூடியது நாலு சதவீதத்துக்கும் கீழே, சுற்றுகிற சிரமம் ஏழரை! அதைச் சரிக்கட்ட மட்டையை லேசாக்க வேண்டும், அல்லது எடையைக் கைப்பிடிப் பக்கம் தள்ள வேண்டும். மேலே வருகிற பந்தை உடம்புக்குப் பக்கத்தில் தடுத்து ஆடும்போது நீள மட்டை தொந்தரவும் கொடுக்கும். சும்மா ஒரு அங்குலம் ஒட்டவைத்த சமாசாரம் இல்லை இது. சாங்கைப் பார்த்துப் பலர் நீள மட்டைக்கு மாறினார்கள், கடைகளிலும் அது வந்தது. 1997 முதல் தொழில்முறை ஆட்டங்களில் உச்ச நீளத்தை 29 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள்.

அதற்கப்புறம்?

1989-க்குப் பிறகு சாங் ஒரு கிராண்ட்ஸ்லாம் பட்டம்கூட வாங்கவில்லை. "ஒரே ஒரு தடவை லக் அடிச்சவர்" என்று அதனால் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பட்டியலைப் பார்த்த பிறகு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

பாரீஸ் ஜெயித்த அதே வருஷம் டிசம்பரில் பயிற்சியின்போது இடுப்பில் எலும்பு முறிவு. திரும்பி வந்து 1990-ல் டேவிஸ் கோப்பை அரையிறுதியின் கடைசி ஆட்டத்தில், வியன்னாவில், ஆஸ்திரியாவின் ஹோர்ஸ்ட் ஸ்காஃபிடம் இரண்டு செட் இழந்த பிறகு ஜெயித்துக் கொடுத்தார். அமெரிக்கா அந்த வருஷம் கோப்பையே வாங்கியது. 1992 அமெரிக்க ஓபன் அரையிறுதியில் எட்பர்க்கோடு 5 மணி 26 நிமிஷம் ஆடித் தோற்றார். அந்தப் போட்டியின் மிக நீண்ட ஆட்டம் என்று அது 2024 வரை நின்றது.

நீள மட்டைக்குப் பிறகு மூன்று கிராண்ட்ஸ்லாம் இறுதி ஆட்டங்கள். 1995 பாரீஸில் தாமஸ் முஸ்டரிடம் தோல்வி. 1996 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் போரிஸ் பெக்கரிடம். அதே வருஷம் நியூயார்க்கில் சாம்ப்ராஸிடம், 6-1, 6-4, 7-6. ஏழு வருஷத்துக்கு முன்னால் 6-1, 6-1, 6-1 வாங்கிக்கொண்டு போன அதே பையன்! பெக்கரும் சாம்ப்ராஸும் உயரமான சர்வீஸ்காரர்கள், சரி. ஆனால் முஸ்டருக்கும் சாங்குக்கும் உயர வித்தியாசம் வெறும் இரண்டே அங்குலம். அங்கே உயரத்தைக் குறை சொல்ல வழியில்லை. அந்த வருஷம் களிமண் தரையில் தொடர்ந்து 40 ஆட்டம் ஜெயித்த மனுஷன் முஸ்டர்.

அந்தத் தோல்விகளோடுதான் 1996 செப்டம்பரில் உலகின் இரண்டாம் நிலைக்கு வந்தார். 17 வயதில் இருந்த இடத்தைவிட 24 வயதில் மேலே. மொத்தம் 34 பட்டங்கள். 2003 அமெரிக்க ஓபனோடு ஆட்டத்தை நிறுத்தினார்; 2008-ல் டென்னிஸ் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள்.

எனக்கு எது கஷ்டமாகப் படுகிறது என்றால், 17 வயதில் ஜெயித்தது இல்லை. அந்த ஜெயிப்பை எல்லோரும் பேசிக்கொண்டே இருக்க, 14 வருஷம் தினமும் காலையில் எழுந்து, தன்னைவிட உயரமானவன் எதிரில் போய் நின்றது. சாம்ப்ராஸ் வளர்ந்தார். சாங்கின் உயரம் வளரவில்லை. அங்குலம் அங்குலமாகத்தான் ஏதாவது செய்ய முடிந்தது. அதுவும் சாம்ப்ராஸின் இரண்டடிக்கு முன்னால் பத்தவில்லை. பத்தாது என்பது எனக்கு நூலைக் கட்டினபோதே தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

2014-ல் ஜப்பானின் கெய் நிஷிகோரிக்குப் பயிற்சி கொடுக்க வந்தார் சாங். நிஷிகோரி 5 அடி 10 அங்குலம். அதே வருஷம் அமெரிக்க ஓபனில் இறுதி ஆட்டம் வரை போனார். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் ஆசிய நாட்டு ஆண் அவர்தான். அங்கே எதிரில் நின்றவர் குரோஷியாவின் மரின் சிலிச், 6 அடி 6 அங்குலம். நேர் செட்டில் சிலிச் ஜெயித்தார்.

நாங்கள் கட்டின நூலை டூல் ரூம் ஆணியில் சுருட்டி மாட்டி வைத்திருக்கிறோம். 39 அடியில் ஒரு முடிச்சு போட்டிருக்கிறது. அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம், மூன்றடிக் குச்சியை மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும். பழைய குச்சியை யாரோ அடுப்பெரிக்க எடுத்துப் போய்விட்டார்கள்.