சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போகும் முன்



இந்த முறை பாடம் கொஞ்சம் மனவருத்தமான விஷயம். லயத்தில் ஒருத்தரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனால் நாம் அதை வெளியே பேசுவதில்லை. வீட்டுக்காரரும் பேசமாட்டார், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கமாட்டார். அதனாலேயே போக வேண்டிய இடமும் முறையும் தெரியாமல் பலர் அலைகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் மேல் கணக்கில் வேலை செய்யும் ஒரு அம்மா என்னிடம் வந்தார். மகன் கண்டியில் விளக்கமறியலில் இருந்தான். ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, விடிவதற்கு முன் பஸ் ஏறி, நேரே போகம்பறைக்குப் போயிருக்கிறார். அந்தப் பழைய சிறை 2014 தொடக்கத்திலேயே மூடப்பட்டு, கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றிவிட்டார்கள். நம்ம ஆட்கள் வாயில் இன்னும் போகம்பறைதான். விசாரித்து, இன்னொரு பஸ் பிடித்துப் பல்லேகலைக்குப் போனால், வாசலில் "பேர் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மா வீட்டில் கூப்பிடும் பேரைச் சொன்னார். அப்படி ஒரு ஆளே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஐயா, பெத்த புள்ளையோட பேரக் கேட்டாங்க, நான் குட்டின்னு சொல்லிட்டேன்" என்று என் முன்னால் அழுதார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அதில் இருந்தது வேறு பேர்.

ஆகவே முதலில் பேர். நீதிமன்றத்தில் எந்தப் பேரில் வழக்குப் போட்டிருக்கிறார்களோ அந்தப் பேர்தான் சிறையிலும் இருக்கும். தகப்பன் பேரோடு சேர்த்து அதை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். சிங்களத்திலும் எழுதி வாங்குங்கள். வழக்கு இலக்கத்தையும், எந்தச் சிறை என்பதையும் நீதிமன்றத்திலோ சட்டத்தரணியிடமோ கேட்டு அதே காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காகிதம் இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

அடுத்தது உங்கள் அடையாள அட்டை. அது இல்லாமல் வாசலைத் தாண்டுவது கஷ்டம். நம்ம தோட்டங்களில் இன்னும் அட்டை எடுக்காத பெண்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பஸ் ஏறும் முன்பே கிராம சேவகரைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். உறவைக் காட்டக் கல்யாணப் பதிவு அல்லது பிறப்புப் பத்திரத்தின் பிரதி ஒன்று கையில் இருந்தால் நல்லது.

விளக்கமறியலும் தண்டனையும் ஒன்றல்ல. பொலிஸ் பிடித்த ஆளை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்பது பொதுவான விதி. நீதவான் விளக்கமறியல் உத்தரவு போட்டால் வழமையாக ஒரு முறைக்கு 14 நாளுக்கு மேற்படாமல் தவணை கொடுப்பார். அந்த ஆள் இன்னும் குற்றவாளி இல்லை. சொந்த உடுப்பு உடுத்தலாம், வீட்டுச் சாப்பாடு பெறவும் சட்டத்தில் இடம் உண்டு. தண்டனை பெற்றவருக்குச் சிறை உடுப்புதான். அவரைப் பார்க்கும் நாட்களும் குறைவு. எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர் போகலாம் என்பது சிறைக்குச் சிறை மாறும். கடைக்காரர் சொன்னார் என்று போகாதீர்கள், முன்பே போன் எடுத்துக் கேளுங்கள். தவணை நாளில் சிறைக்குப் போனால் ஆள் அங்கே இருக்கமாட்டார், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். இப்படியும் ஒரு குடும்பம் ஏமாந்து திரும்பியது.

கொண்டுபோகும் சாமான் கொஞ்சமாக இருக்கட்டும். மாற்று உடுப்பு, சவர்க்காரம், பற்பசை, அனுமதித்தால் சோறு. எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள். ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தால் கோபப்படாதீர்கள், அது அவர்கள் வேலை. கைத்தொலைபேசி, சிகரெட், புகையிலை எதுவும் வேண்டாம். நம்ம மடியில் எப்போதும் இருக்கும் வெற்றிலைப் பையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இதைக் கவனமாகப் படியுங்கள். சிறை வாசலில் யாராவது வந்து, "அக்கா, இந்தப் பார்சலையும் எங்க ஆளுக்குக் குடுத்துருங்க" என்று கேட்டால், எவ்வளவு பாவமாக இருந்தாலும் கையால் தொடாதீர்கள். பக்கத்து லயத்து ஆள் கொடுத்தாலும் இதேதான். உள்ளே தூள் இருந்து பிடிபட்டால், பார்க்கப் போன நீங்களும் உள்ளேதான். "காசு குடுங்க, பிணை எடுத்துத் தாறேன்" என்று வருகிறவர்களையும் நம்பாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கு உதவத்தான் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைக் காட்டும் கடிதத்தோடு அங்கே போங்கள். அடகு வைத்த தோட்டைப் புரோக்கர் கையில் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

உள்ளே போனால் பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அழுகை வரும், வரட்டும். ஆனால் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: உடம்புக்கு எப்படி, மருந்து கிடைக்கிறதா, அடுத்த தவணை எப்போது, சட்டத்தரணி வந்தாரா. வழக்கில் என்ன நடந்தது என்று அங்கே சத்தமாகப் பேசாதீர்கள், பக்கத்தில் நிற்பவர் யார் என்று தெரியாது. "ஏன்டா இப்படிச் செஞ்சே?" என்ற கேள்விக்கும் அது இடமில்லை. வீட்டுக் கடனையும் கூரை ஒழுகுவதையும் சொல்லி அவர் மனதைக் கெடுக்காமல், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற கதையைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போவதா? அது உங்கள் முடிவு. "அப்பா கொழும்புல வேலை" என்று சொல்லி மறைப்பது மட்டும் சரியில்லை என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்தில் வேறு பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்வதைவிட அம்மா வாயால் தெரிவது மேல். கூட்டிப்போனால், வரிசையில் வெகுநேரம் நிற்க வேண்டும், அப்பாவைத் தொட முடியாமல் போகலாம் என்று பஸ்ஸிலேயே சொல்லி வையுங்கள்.

அந்த அம்மா இரண்டாம் முறை காகிதத்தோடு போய் மகனைப் பார்த்துவிட்டு வந்தார். போகும் முதல் நாளே கங்காணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பேரைச் சிங்களத்தில் எழுத வேண்டியவர்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு நலன்புரி அறைக்கு வாருங்கள். காலைப் பிரட்டு முடிந்ததும் நான் அங்கேதான் இருப்பேன். கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம்.