பல்கலைக்கழக மாணவரும் உணவொழுக்கமும்

விழா மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவர் எவரும் முதலில் தம் வகுப்பறையை நினைப்பர். அடுத்து விடுதியின் உணவு மண்டபத்தை நினைப்பர். மணி அடித்ததும் வரிசையாக அமர்ந்து, இட்டதை உண்டு, தட்டைக் கழுவி வைத்து எழுந்த அவ்வொழுங்கை நாம் அக்காலத்திற் பெரிதாக மதிக்கவில்லை. பருப்பு நீர்த்துவிட்டது என்றும், கீரை நாள்தோறும் வருகின்றது என்றும் முறையிட்டோம். வீட்டிலிருந்து வந்து படித்தோரும் அன்னையர் அவித்த பிட்டைக் குறைகூறிக்கொண்டே உண்டனர். அந்த ஒழுங்கு எமக்குச் செய்த நன்மை அதனை விட்டு நீங்கிய பின்னரே எமக்கு விளங்கிற்று.

பல்கலைக்கழகம் புகும் மாணவனுக்கு மணி அடிப்பார் இல்லை. எதை உண்பது, எப்பொழுது உண்பது, எவ்வளவு உண்பது என்பவற்றை வாழ்நாளில் முதன்முறையாக அவனே தீர்மானிக்கின்றான். கணிதமும் உயிரியலும் கற்பித்து அவனை அனுப்பிய நாம், இத்தீர்மானத்துக்கு வேண்டிய அறிவை அவனுக்கு அளித்தோமா என்பது சிந்திக்கத்தக்கது. அக்குறையை ஓரளவு நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நாளின் உணவு

பேராதனையிலாயினும், கொழும்பிலாயினும், திருநெல்வேலியிலாயினும் மாணவர் பலரின் நாள் ஏறத்தாழ ஒரே வகையிற் செல்கின்றது. இரவு நெடுநேரம் விழித்திருந்தவன் காலையிற் பிந்தி எழுகின்றான். எட்டு மணி விரிவுரைக்கு ஓடும்போது சீனி மிகுந்த ஒரு தேநீரும், கிடைத்தால் ஒரு பணிசும் அவனுடைய காலையுணவாகின்றன. நண்பகலில் ஒரு சோற்றுப் பொதி. அதிற் சோறு மலைபோலவும் கறிகள் மலையடிவாரத்துப் புல்லைப்போலவும் இருக்கும். மாலையில் எண்ணெயிற் பொரித்த சிற்றுண்டியும் மீண்டும் ஒரு தேநீரும். இரவு பத்து மணிக்குப் பின் கொத்துரொட்டி, அல்லது சுடுநீரில் ஊறவைத்த நூடில்ஸ்.

இவ்வுணவு வயிற்றை நிரப்புகின்றது என்பதை நாம் மறுக்கவில்லை. அரிசியும் கோதுமை மாவும் சீனியும் மாப்பொருளையும் வெல்லத்தையும் வேண்டிய அளவுக்கு மேலாகவே தருகின்றன. குறைபடுவன புரதமும், உயிர்ச்சத்துக்களும், இரும்பு, கல்சியம் முதலிய கனிப்பொருள்களுமாம். வயிறு நிரம்பியவன் உடல் ஊட்டம் பெற்றுவிட்டது என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் தவறு என்பதை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது.

தவிடும் உயிர்ச்சத்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாவாத் தீவிற் பணிபுரிந்த ஒல்லாந்த மருத்துவரான கிறித்தியான் எய்க்மன், தீட்டிய வெள்ளரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீங்காத அரிசியைத் தின்றபோது அவை தேறுவதையும் கண்டார். கோழிகளின் அந்நோய், மக்களை வாட்டிய பெரிபெரி என்னும் நோயை ஒத்திருந்தது. வயிறு நிறைய அரிசி உண்டும் நோய் வந்தமைக்குக் காரணம், தவிட்டோடு நீக்கப்பட்ட தயமின் என்னும் உயிர்ச்சத்தே எனப் பின்னர் தெளிவாயிற்று. 1912இற் காசிமிர் பங்க் என்பவர் இத்தகைய பொருள்களுக்கு விற்றமின் என்ற பெயரை வழங்கினார். எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது.

எம் முன்னோர் இவ்வாராய்ச்சியை அறியார். எனினும் நெல்லை அவித்து உலர்த்திக் குத்தி உண்டனர். புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமினின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்குகின்றது. ஆகவே குத்தினாலும் அது முற்றாக நீங்குவதில்லை. வெள்ளைச் சோறே நாகரிகம் என்று எண்ணும் மாணவர், புழுங்கலரிசியும் தீட்டாத சிவப்பரிசியும் தம் தட்டுக்குத் திரும்ப இடமளிப்பாராக.

புரதக் கணக்கு

வளர்ந்த ஒருவனுக்கு உடல் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோகிராம் நிறையுள்ள மாணவனுக்கு 48 கிராம் என்று கொள்வோம். 300 கிராம் அரிசியைச் சமைத்து உண்டால் 20 கிராம் அளவிலேயே புரதம் கிடைக்கும். எஞ்சிய 28 கிராமை எங்கிருந்து பெறுவது? 50 கிராம் உலர்ந்த கடலையில் ஏறத்தாழ 10 கிராம். 25 கிராம் பருப்பில் 6 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கோப்பைப் பாலில் அல்லது தயிரில் 6 கிராம். ஆக மொத்தம் 48. மீனோ இறைச்சியோ இன்றியே கணக்கு நிறைவெய்துகின்றது. முட்டையும் உண்ணாத சைவர் மேலும் 30 கிராம் பயற்றைச் சேர்த்துக்கொண்டால் அது ஈடாகும்.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. அரிசிப் புரதத்தில் இலைசின் என்னும் அமினோவமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது மிகுதி. பருப்பிற் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றது நிரப்புகின்றது. அரிசியும் உழுந்தும் சேர்ந்த தோசையும், சோறும் பருப்பும், பயறு இட்ட பொங்கலும் இவ்வகையில் நிறைவான உணவுகளே. இடியப்பத்தைச் சொதியோடும் சம்பலோடும் மட்டும் உண்போர், ஒரு கரண்டி பருப்பையும் சேர்த்துக்கொள்ளல் நன்று. மரக்கறி உணவே உண்போர் ஒன்றை மறத்தலாகாது. விற்றமின் பி12 தாவர உணவிற் கிடைப்பதில்லை. பாலையும் தயிரையும் முற்றாக விலக்கும் சைவ மாணவர் இதுபற்றி மருத்துவரிடம் ஆலோசனை பெறுதல் வேண்டும்.

இரும்பும் தேநீரும்

வகுப்பிற் கண் சொருகுதல், மேட்டில் ஏறுகையில் மூச்சு வாங்குதல், படித்தது மனத்திற் பதியாமை ஆகியவற்றைச் சோம்பல் என்று கண்டிப்பது எளிது. சிலவேளை அது இரும்புச்சத்துக் குறைவினாலாகும் இரத்தச்சோகையாய் இருத்தல் கூடும். மாணவியருக்கு இத்தேவை மிகுதியாதலின் அவர்கள் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

கீரையிலும் பயற்றிலும் இரும்பு உண்டு. ஆயினும் உடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. உணவோடு விற்றமின் சி சேரின் ஏற்கும் அளவு கூடும். உணவோடு தேநீர் சேரின் அதிலுள்ள தனின் என்னும் பொருளால் அளவு குறையும். ஆகவே கீரையின்மேல் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்துகொள்வதும், சோறு உண்டபின் தேநீருக்கு ஒருமணி நேரம் பொறுப்பதும் செலவில்லாத மருத்துவமாகும். தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கியபின் விடுதலே முறை. கொதிக்கவைத்தால் அவ்வுயிர்ச்சத்து அழியும்.

கல்சியத்துக்கும் நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தானியங்களுட் குரக்கன் கல்சியம் மிக்கது. முருங்கையிலையும், முள்ளோடு உண்ணும் நெத்தலியும் அத்தகையனவே. பேராதனையிற் பயில்வோர் சிங்கள நண்பர்கள் காலையிற் பருகும் கொலகெந்த என்ற இலைக்கஞ்சியை அறிவர். அரிசி, தேங்காய்ப்பால், பச்சிலைச் சாறு ஆகியன சேர்ந்த அக்கஞ்சி, வெறும் தேநீரிலும் எவ்வளவோ மேலானது.

மிகை

குறைவு ஒருபுறமாக, மிகை மறுபுறம் நிற்கின்றது. உணவோடு சேர்க்கும் சீனி, நாளின் மொத்தச் சக்தியிற் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2000 கலோரி உண்பவனுக்கு அது 50 கிராம். தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நான்கு முறை பருகினாலே 40 கிராம் அளவு கழிந்துவிடும். அதன்மேல் ஒரு புட்டி இனிப்புப் பானமும் சேருமாயின் எல்லை கடந்தாயிற்று. எமது நாட்டில் 2016 முதல் இத்தகைய பானங்களிற் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சைக் குறிகள் இடப்படுகின்றன. அவற்றைப் பார்த்து வாங்கும் பழக்கம் நன்று. உப்பும் நாளுக்கு 5 கிராமுக்கு உட்படல் வேண்டும். சுடுநீரில் ஊறவைக்கும் நூடில்ஸ் ஒரு பொதியே அதிற் பெரும்பங்கைத் தந்துவிடும்.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்திற் பச்சிலைகளைப் பற்றிப் பேசினாரல்லர். முன்னுண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதையே பெரிதும் பேசினார். நள்ளிரவில் நிறைய உண்டு, காலையிற் பசியின்றி எழுந்து, உண்ணாமலே விரிவுரைக்குச் செல்லும் மாணவனுக்கு அவ்வதிகாரமே போதிய பாடமாகும்.

உண்ணாமையின் காரணம்

இதுவரை கூறியவை அறிவு பற்றியன. ஆயினும் மாணவர் நன்கு உண்ணாமைக்கு அறியாமை ஒன்றே காரணம் என்று கூறி நாம் அமைந்துவிடுதல் நேர்மையாகாது.

1945இல் வந்த இலவசக் கல்வியினாற் கட்டணம் செலுத்த இயலாதார் வீட்டுப் பிள்ளைகளும் கல்வியில் உயர வழி பிறந்தது. 1981இல் மகாபொல புலமைப்பரிசில் ஏற்பட்டது. இவை பெரும் பேறுகள். எனினும் படிப்புக்கு விலையில்லை என்றாயினும் பசிக்கு விலையுண்டு. 2022ஆம் ஆண்டு செத்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்தது. ஏற்றத்தின் வேகம் பின்னர் தணிந்தது. ஏறிய விலைகளோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்குச் சுமையாகாதிருக்க ஒரு வேளையை விடுபவனும், புலமைப்பரிசிற் பணத்தில் மிச்சம் பிடித்துத் தம்பி தங்கையருக்கு அனுப்புபவனும் எம்மிடையே உளர்.

நண்பர்கள் சிற்றுண்டிச்சாலைக்கு அழைக்கும்போது, "எனக்குப் பசியில்லை, நீங்கள் போட்டு வாங்கோ" என்று சொல்லிப் புத்தகத்தை விரிப்பவனை எம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். அவன் படிப்பிற் பற்றுடையவன் என்று அன்று மெச்சினோம். அவன் பசித்திருந்தான் என்பதை எம்மிற் சிலர் ஆண்டுகள் பல கழிந்தபின்னரே அறிந்தோம். அம்மாணவனுக்குச் சரிவிகித உணவு பற்றி உபதேசம் செய்தல் கொடுமை. அவனுக்கு வேண்டியது உணவு. அதுவும் அவன் மானம் குறையாத வகையில்.

செய்யத்தக்கன

மாணவருக்கு நாம் கூறுவன சில. காலையுணவை விடாதீர். உடல் நிறையில் ஐம்பதிலொரு பங்கேயான மூளை, ஓய்ந்திருக்கும்போதும் உடலின் சக்தியில் ஐந்திலொரு பங்கைச் செலவிடுகின்றது. வாழைப்பழமும் அவித்த கடலையும் எடுத்துச்செல்ல எளியன. அறையில் அடுப்பு மூட்ட அனுமதியில்லையேல், பயற்றை மாலையில் ஊறவைத்து, காலையில் நீரை வடித்து ஈரத்துணியிற் கட்டிவைப்பின் மறுநாட் காலையில் முளைத்திருக்கும். முளைக்கும்போது விற்றமின் சி உண்டாகின்றது. ஆயினும் அதனைப் பச்சையாக உண்ணாது, கொதிநீரிற் சற்றுநேரம் அவித்து உண்பதே பாதுகாப்பு. நால்வர் சேர்ந்து வாங்கிச் சமைப்பின் செலவு குறையும். தனித்து உண்ணும் சோர்வும் நீங்கும். சோற்றுப் பொதி வாங்குமிடத்துச் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் கூட்டித் தரும்படி கேட்பதில் நாணம் வேண்டா.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உயர்தர வகுப்பை முடித்துச் செல்லும் ஒவ்வொரு மாணவனும் சோறு வடிக்கவும், பருப்பு அவிக்கவும், கீரை கடையவும் அறிந்து செல்வானாக. ஆண்பிள்ளைக்குச் சமையல் எதற்கு என்ற காலம் போய்விட்டது. இதற்குச் சில மாலைப்பொழுதுகளே போதும்.

பழைய மாணவராகிய எமக்கும் கடமை உண்டு. கட்டடத்துக்கும் பரிசுக் கிண்ணத்துக்கும் மனமுவந்து பொருள் அளிக்கின்றோம். அவை கண்ணுக்குத் தெரிவன. பல்கலைக்கழகம் புகும் எமது மாணவர்களுட் தேவையுள்ளோருக்கு மாதந்தோறும் காலையுணவுச் செலவை வழங்கும் சிறு நிதியொன்று கண்ணுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. பெறுவோர் பெயர் அறிக்கையில் வராமலும், மேடையில் வைத்துக் கொடுக்காமலும், ஆசிரியர் ஒருவர் மூலம் அமைதியாகச் சேர்ப்பித்தல் இயலும். தண்ணீர்ப்பந்தலில் நின்றவர் எவரும் மோர் பருக வந்தவனின் ஊரையும் பேரையும் வினவியதில்லை. அந்த முறையே இங்கும் பொருந்தும்.

உணவு மண்டபத்தின் மணியோசை எம் செவியில் இன்னும் ஒலிக்கின்றது. அம்மணி ஒலிக்காத இடத்திற்குச் சென்றுள்ள எம் இளையோருக்காக, நாம் அதனைச் சற்றே ஒலிக்கச் செய்வோமாக.