இசையும் இருதயமும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் நம் பாட்டனார் காலத்து உழவர் கிணற்றுநீரைக் கவலை கட்டி இறைத்தனர். எருதுகள் சரிவில் இறங்குங்கால் நிறைந்த சால் மேலெழும். ஓட்டுவோன் பாட்டும் உடனெழும். நீர் வாய்க்காலிற் பாய்ந்தபின் எருதுகள் பின்வாங்கி மேடேறும். அவனும் பாட்டை நிறுத்திச் சற்றே மூச்சு வாங்குவான். மின்விசைப் பொறி வந்தபின் கவலை மறைந்தது, அப்பாட்டும் அருகிற்று. ஆயினும், எழுதலும் ஓய்தலுமாகிய அம்முறையில் இசைக்கும் இருதயத்துக்கும் உள்ள உறவின் நுட்பமொன்று அடங்கியுள்ளது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

இருதயம் தானே துடிக்கும் இயல்பினது. அதன் வலப்புற மேலறையிலுள்ள சிறு முடிச்சொன்று துடிப்பைத் தொடங்கி வைக்கின்றது. இளைப்பாறும் நிலையில் வளர்ந்தோர்க்கு நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை துடித்தல் இயல்பு. பரிவு நரம்புகள் அதனை விரைவுபடுத்தும். வேகஸ் என்னும் நரம்பு தணிக்கும். எருதுக்குத் தார்க்கோலும் மூக்கணாங்கயிறும் போல்வன இவை.

இசை இவற்றை எங்ஙனம் எட்டுகின்றது? உட்செவியிலுள்ள நத்தை வடிவான உறுப்பு ஒலியலைகளை நரம்புக் குறிப்புகளாக மாற்றுகின்றது. அவை மூளைத்தண்டின் வழியே மேற்சென்று, கேள்விக்கும் உணர்ச்சிக்கும் உரிய பகுதிகளை எழுப்புகின்றன. அங்கிருந்து பிறக்கும் ஏவல்கள் மூச்சையும் குருதியழுத்தத்தையும் மாற்ற வல்லன. மேலும், மூச்சை உள்ளிழுக்குங்கால் நாடி சிறிது விரைதலும், வெளிவிடுங்கால் தணிதலும் இயற்கை. ஆதலின் மூச்சின் நடையை மாற்றும் இசை நாடியின் நடையையும் மாற்றுகின்றது.

மருத்துவமும் இசையும் நம்மிடை அயலன அல்ல. சித்த மருத்துவராகிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசையாராய்ச்சிப் பெருநூலை வெளியிட்டார். இனி, நாடியின் மாற்றத்தைக் கருவிகொண்டு அளந்த சோதனையொன்றைக் காண்பாம். இத்தாலி நாட்டு மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவர்தம் குழுவினரும் 2006-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். இசைவாணர் 12 பேரும், இசை பயிலாதார் 12 பேரும், நம் நாட்டு இராகம் உள்ளிட்ட ஆறுவகை இசையைக் கேட்டனர். விரைந்த காலத்து இசை மூச்சையும் குருதியழுத்தத்தையும் துடிப்பையும் உயர்த்திற்று. கேட்போரின் விருப்பினும் இசையின் வேகமே பெரிதும் காரணமாயிற்று. வியப்பு யாதெனில், இடையே 2 நிமிஷம் இசையை நிறுத்தியபோது, அம்மூன்றும் தொடக்கநிலையினும் தாழ்ந்தன. கவலை ஓட்டுவோன் பாட்டு ஓய்ந்த கணம் நினைவுக்கு வருகின்றதன்றோ!

இது நிற்க. இருதயக் குருதிக்குழாய் நோயாளரைப் பற்றிய 26 சோதனைகளை, 1,369 பேரின் செய்திகளோடு, ஆராய்ச்சியாளர் சிலர் 2013-இல் தொகுத்து ஆய்ந்தனர். இசை கேட்டல் அவர்தம் மனக்கலக்கத்தை ஓரளவு குறைத்தது. நாடியும் மூச்சும் சிறிது தணிந்தன. ஆயினும் அச்சோதனைகளிற் பல குறைபாடுடையன என்றும் அவர்கள் எச்சரித்தனர். ஆகவே, இசை மருந்துக்குத் துணையேயன்றி மாற்றாகாது.

இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? நாமக்கல்லினின்று இரவெல்லாம் லாரி ஓட்டுவோர், உறக்கத்தை வெல்ல விரைந்த பாட்டைப் பேரொலியில் வைப்பதுண்டு. அது நாடியை விரைவிக்கலாம். உறக்கக் குறையை நீக்காது. மார்வலி கண்டார் பாட்டை நாடாது மருத்துவமனைக்கே விரைதல் வேண்டும். தேர்வு நாளில் நெஞ்சு படபடக்கும் மாணவரோ, மெல்லிய நடையுள்ள பாட்டொன்றைச் சிறிது நேரம் கேட்டு, பின்னர் அதனையும் நிறுத்தி வாளாவிருந்து பார்க்க. மேடேறும் எருதுக்கு அடுத்த இழுப்பின் முன் கிடைக்கும் ஓய்வு, அவர்தம் இருதயத்துக்கும் கிடைக்கும்.