அரசியல் நூற்றுறையும் கொல்லிமலை நாடுகளும்

அரசியல் என்னுஞ் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்மிற் பலர்க்கு மனத்திலே தோன்றுவன தேர்தல் மேடையும் கொடியும் ஆரவாரமுமே. அதனை ஒழுங்குபடக் கற்றற்குரிய ஒரு நூலெனவும், அதற்கெனப் பல்கலைக்கழகத்தில் ஒரு தனித்துறை வேண்டுமெனவும் கூறுங்கால், 'இதிலே கற்றற்கு என்ன இருக்கின்றது?' என்று வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அத்தகைய துறை எவ்வாறு அமைகின்றது, அதன்கண் நிகழும் ஆராய்ச்சி யாது, அவ்வாராய்ச்சியால் யாருக்குப் பயன் என்னும் மூன்றனையும் முறையே நோக்குவாம். பொதுவாகச் சொல்லியமையாது, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கவும் முயல்வாம்.

துறை தோன்றிய வரலாறு

அரசியல் நூல் புதியதன்று. கி. மு. நான்காம் நூற்றாண்டிலே யவன நாட்டு அரிஸ்டாட்டில் தம் மாணாக்கரோடு சேர்ந்து 158 நகரங்களின் ஆட்சிமுறைகளைத் தொகுத்தார் என்பது பண்டையோர் கூற்று. அவற்றுள் ஆதென்ஸ் நகரத்தைப் பற்றிய பகுதி எகிப்து நாட்டுச் சுவடியொன்றிற் கிடைத்து 1891-ல் அச்சேறிற்று. ஓர் ஆசிரியர், அவருடன் உழைக்கும் மாணாக்கர், பல ஊர்களினின்று திரட்டிய செய்தி, அச்செய்திகளை ஒப்பிட்டுத் துணியும் பொதுவிதி என்னும் இந்நான்கும் இற்றைக்கும் அரசியற்றுறையின் உயிர்நிலைகளாம். நம் நாட்டிலும் திருக்குறட் பொருட்பால் அரசனையும் அமைச்சனையும் நாட்டையும் அரணையும் தனித்தனி அதிகாரங்களில் வகுத்துரைக்கின்றது. கௌடலியரின் அர்த்தசாஸ்திரமோ மைசூரிலே ஏட்டுச் சுவடியாகக் கிடைத்து, சாமசாஸ்திரியாரால் 1909-ல் பதிப்பிக்கப்பெற்றது.

சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்ற ஆண்டு 1857. நெடுங்காலம் அரசியல் அங்கே வரலாற்றுப் பாடத்தின் ஒரு கூறாகவே இருந்துவந்தது. பொது ஆட்சியியலுக்கெனப் பட்டய வகுப்பொன்று 1937-ல் அங்குத் தொடங்கப்பெற்றது. இந்தியாவில் இவ்வகை வகுப்புக்களுள் அதுவே முதலாவதென்பர். அடுத்த ஆண்டாகிய 1938-ல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இந்திய அரசியல் நூற்கழகம் தோன்றிற்று. 1939 முதல் அதன் ஆராய்ச்சி இதழும் வெளிவந்தது. இவ்வாறு பாடம், துறை, கழகம், இதழ் என்னும் நான்கும் சில ஆண்டுகளுக்குள்ளேயே நம் நாட்டில் வேரூன்றின.

துறையின் அமைப்பு

அரசியற்றுறையின் பாடங்கள் பெரும்பாலும் ஐந்து கிளைகளாய் அமையும். அரசு என்பது யாது, மக்கள் அதற்கு ஏன் பணிதல் வேண்டும் என்று ஆராய்வது அரசியற் கோட்பாடு. பல நாட்டு ஆட்சிமுறைகளை ஒப்பிட்டுக் காண்பது ஒப்பியல் அரசியல். நம் அரசியலமைப்பையும் கட்சிகளையும் தேர்தலையும் பற்றியது இந்திய அரசியல். சட்டம் அலுவலகத்தின் வழியே குடிமக்களைச் சென்றடையும் வகையை ஆராய்வது பொது ஆட்சியியல். நாடுகள் தம்முட் கொள்ளும் நட்பையும் பகையையும் ஆராய்வது பன்னாட்டுறவு.

இக்கிளைகளைக் கற்பிப்பார் பேராசிரியர், இணைப்பேராசிரியர், உதவிப்பேராசிரியர் என மூவகைப்படுவர். எந்நூலை எவ்வகுப்பிற் கற்பிப்பதென்பதைப் பாடத்திட்டக் குழு வரையறுக்கும். முதுகலை மாணாக்கர் கருத்தரங்கிலே கட்டுரை படித்துத் தடைவிடைகளுக்கு ஆளாவர். முனைவர் பட்டத்தை நாடுவோர் ஒரு பொருளை ஆண்டுக்கணக்காய் ஆராய்ந்து நூலாக்குவர். கருத்தரங்கே துறையின் உரைகல் என்று கூறின் மிகையாகாது. அங்கே ஆசிரியர் கூற்றாயினும் சான்றின்றி ஏற்கப்படுவதில்லை.

நூலகமும் களமும்

அச்சான்றுகள் இரண்டிடங்களிற் கிடைக்கும்: ஒன்று நூலகம்; மற்றொன்று மக்கள் வாழுங் களம். நூலக ஆராய்ச்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றியதாகும். முதற் பராந்தக சோழன் காலத்தில் கி. பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற அச்சாசனங்கள், ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை வாயிலாக வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932-ல் வெளியிட்ட சோழராட்சி பற்றிய நூலில் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளார். நிலமும் மனையும் உடையோரே அவ்வாரியங்களில் அமரத்தக்கவர் என்னும் விதியையும் அக்கல்லே நமக்குத் தெரிவிக்கின்றது. ஆதலின் பழமையைப் போற்றுவோர் அதன் குறையையுங் காணுதற்கு ஆராய்ச்சி துணைசெய்கின்றது.

கள ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது அரசியலுக்கு அண்டைத் துறையாகிய பொருளியலேயாம். சென்னையில் இந்தியப் பொருளியற் பேராசிரியராய் 1915-ல் அமர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணாக்கரை அவரவர் அறிந்த கிராமங்களுக்கு அனுப்பிச் செய்தி திரட்டச் செய்தார். அவ்வுழைப்பின் பயனாகிய நூல் 1918-ல் வெளிவந்தது. அதே கிராமங்களைப் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் மீண்டும் ஆராய்வித்து 1940-ல் மற்றொரு நூல் வெளியிட்டனர். ஓரூரை இருமுறை கண்டமையால், இடையே நிகழ்ந்த மாறுதல்களை ஊகத்தாலன்றிக் கணக்காலேயே அறிய முடிந்தது. இம்முறையை அரசியற்றுறை கைக்கொண்டு மலைமேற் செல்லுமாயின் ஆண்டு அது காணத்தக்கன யாவை என்பதை இனிப் பார்ப்போம்.

மலைமேல் நிலைத்த நாடு

கொல்லிமலை சங்கச் சான்றோரால் பாடப்பெற்றது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரிக்கு உரியது. இக்காலத்து மலையேறுவார் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்வர். அம்மலையைத் தாயகமாகக் கொண்டு வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையாள நாட்டார் என்பது இதன் பொருளன்று. மலையில் வாழ்வோர் என்பதே பொருள். இவர்கள் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று போந்த உடன்பிறந்தார் மூவர் என்பது இவர்களிடையே வழங்குங் கதை.

அரசியல் மாணாக்கனை இங்கே முதலிற் கவர்வது 'நாடு' என்னுஞ் சொல்லேயாம். சோழர் காலத்தில் பல ஊர்கள் சேர்ந்தது நாடு. அஃது ஆட்சிக்கும் வரிக்கும் அடிப்படையாய் விளங்கிற்று. எ. சுப்பராயலு 1973-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கல்வெட்டுக்களைக் கொண்டு அந்நாடுகளின் எல்லைகளைப் படமாக வரைந்து காட்டினார். சமவெளியிற் பெரும்பாலும் ஏட்டளவாய் ஒழிந்த அப்பெயர், கொல்லிமலையில் இன்றும் ஆட்சிப்பெயராய் நிலவுகின்றது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, ஆலத்தூர் நாடு, குண்டூர் நாடு என்பன போன்ற பெயர்களையுடைய 14 ஊராட்சிகள் கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் உள்ளன.

ஆயினும் ஒரே பெயரின்கீழ் இருவகை ஆட்சி இருத்தலைக் காண்டல் வேண்டும். ஊர்க்கவுண்டர், நாட்டுக்கவுண்டர், பட்டக்காரர் எனப்படுவோர் வழக்குத் தீர்த்தும் திருவிழா நடத்தியும் வந்த மரபு ஒன்று. தமிழ்நாட்டு ஊராட்சிகள் சட்டம், 1994-ன்படி தேர்ந்தெடுக்கப்பெறுந் தலைவரும் உறுப்பினரும் கூடிய ஊராட்சி மற்றொன்று. முன்னது குடிவழியாலும் வழக்காற்றாலும் வருவது. பின்னது வாக்குச்சீட்டால் வருவது. உள்ளாட்சிப் பதவிகளிற் பாதியைப் பெண்டிர்க்கு ஒதுக்குஞ் சட்டம் 2016-ல் இயற்றப்பெற்றது. பழைய அவையில் பெண்டிர் சொல் எத்துணை செல்லும், புதிய அவையில் எத்துணை செல்லும் என்பது நூலகத்திலிருந்து விடைகூறற்கரிய வினா.

எது ஊர்?

இனி, இவ்வாராய்ச்சியால் மக்களுக்கு யாது பயன் என்பதை ஒரு வினாவால் விளக்குவாம். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்குத் தனிக்காப்பு அளிப்பது. அது 10 மாநிலங்களின் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட பகுதி யாதொன்றுமில்லை. ஆகவே, அப்பகுதிகளின் ஊரவைகளுக்கு மிக்க அதிகாரம் வழங்கிய 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் கொல்லிமலைக்குச் செல்லாது. சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் சட்டசபையில் அவர்க்கு இடமுண்டு. தம் மலையில் தனித்த தன்னாட்சிக்கோ இடமில்லை.

இந்நிலையில் அவர்கட்குப் பெருந்துணையாக உள்ளது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். அஃது ஐந்தாம் அட்டவணைக்கு உட்படாத பகுதிகளுக்கும் உரியது. காட்டு நிலத்தைப் பயிரிட்டு வருவோர்க்கும், காட்டு விளைபொருளைக் கொண்டு வாழ்வோர்க்கும் உரிமை கேட்க அது வழிசெய்கின்றது. அக்கோரிக்கையை முதலில் ஆராய்ந்து தீர்மானிப்பது ஊரவையே. 2012-ல் திருத்தப்பெற்ற விதிகளின்படி அவ்வவையில் உறுப்பினருட் பாதிப்பேர் வந்திருத்தல் வேண்டும். வந்தாருள் மூன்றிலொரு பங்கினரேனும் பெண்டிராதல் வேண்டும்.

இவ்விடத்தேதான் 'எது ஊர்?' என்னும் வினா எழுகின்றது. ஊராட்சிச் சட்டம் எதனைக் கிராமமென்று கூறுகின்றதோ அதுவே ஊர் என்று கொள்ளின், ஒரு நாடு முழுவதும் ஓர் ஊராகும். அந்நாட்டிலோ பல சிற்றூர்கள் மலைச்சரிவுகளிற் சிதறிக் கிடக்கின்றன. வயது வந்தோருட் பாதிப்பேரை ஒரே நாளில் ஓரிடத்திற் கூட்டுவது அங்கே எளிதன்று. வேலைநாளின் கூலியை இழந்து மேடும் பள்ளமுங் கடந்து வருதல் வேண்டும். பாதிப்பேர் வாராவிடின் அவைத்தீர்மானம் செல்லாது; தீர்மானம் செல்லாதாயின் உழவனின் கோரிக்கை முதற்படியிலேயே நின்றுவிடும். அச்சட்டப்பிரிவோ பழைய குடியிருப்புக்களையும் அளவிடப்படாத ஊர்களையும் ஊரென்று கொள்ளற்கும் இடந்தருகின்றது. அவ்வாறு சிற்றூரையே ஊரெனக் கொள்ளின், அண்டை அயலார் மாலையிற் கூடி முடிவுசெய்தல் இயலும். ஒரு சொல்லின் பொருளை நாடெனக் கொள்வதோ சிற்றூரெனக் கொள்வதோ ஒரு குடும்பத்தின் நிலத்தை நிலைநிறுத்தவும் கூடும், நெகிழவிடவும் கூடும். 'இதிலே கற்றற்கு என்ன இருக்கின்றது?' என்று வினவினார்க்கு இதுவே நம் விடை.

ஆராயும் முறை

இதனை ஒரு துறை எவ்வாறு ஆராயும்? முதலாவது, கோட்பாட்டு வகுப்பில் ஊர், நாடு, அவை என்னுஞ் சொற்களின் வரலாற்றைக் கல்வெட்டிலும் சட்டத்திலும் தேடித் தொகுத்தல் வேண்டும். இரண்டாவது, ஒரு நாட்டைத் தெரிந்துகொண்டு அதன் சிற்றூர்களையும், ஒவ்வொன்றினின்று ஊரவை கூடும் இடத்திற்குள்ள நடைதூரத்தையும் வரைபடத்திற் குறித்தல் வேண்டும். மூன்றாவது, ஊரவை கூடும் நாட்களில் நேரிற் சென்று, வந்தார் எத்துணைப்பேர், பேசினார் யாவர், பெண்டிர் பேசினரா, தீர்மானம் எவரால் எழுதப்பட்டது என்பவற்றைக் குறித்தல் வேண்டும். குடியரசு நாள், மே முதல் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கினோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் இதற்குரியனவாயின. நான்காவது, ஸ்லேட்டர் மாணாக்கரின் கிராமங்கள் மறுமுறை ஆராயப்பட்டதுபோலச் சில ஆண்டு கழித்து மீண்டுஞ் சென்று காணல் வேண்டும்.

ஐந்தாவதொன்றும் உண்டு, அது மறக்கப்படுவது பெரிது. திரட்டிய செய்தியைத் தெளிவான தமிழில் எழுதி, அதே ஊரவையிலே படித்துக்காட்டி, பிழையிருப்பின் அம்மக்கள் திருத்த இடங்கொடுத்தல் வேண்டும். கருத்தரங்கில் ஆசிரியர் கூற்றும் தடைவிடைக்கு உட்படுமென்றோம். ஆராயப்பட்டாரே தடை கூறும் அவையன்றோ அதனினுஞ் சிறந்த கருத்தரங்கு! எழுதியவற்றுள் ஒருவர்க்குத் தீங்கு தரத்தக்க பெயர்களை மறைத்தலும், கேட்ட செய்தியைக் கேட்டவாறே கூறுதலும் ஆராய்ச்சியாளன் ஒழுக்கமாகும். மரபவையை இழிவென்று ஒதுக்குதலும், பழமையென்ற ஒன்றாலேயே அதனை வானளாவப் புகழ்தலும் ஒருங்கே தவறாம்.

மலையாளி மாணாக்கரும் இந்நாளிற் கல்லூரிகளுக்கு வருகின்றனர். அவர்கள் இத்துறையிற் புகுவாராயின், பிறர் ஆராயும் பொருளாய் நின்ற நிலை நீங்கி, தம் நாட்டின் ஆட்சியைத் தாமே ஆராய்வோராவர். அவர்க்குத் தோழராய்ச் சமவெளி மாணாக்கரும் உடன் செல்வாராக. நூலகத்திற் பெற்ற அறிவை மலையிலும், மலையிற் பெற்ற அறிவைச் சட்டம் இயற்றும் மன்றத்திலும் கொண்டுசேர்ப்பதே அரசியற்றுறையின் கடன். அக்கடனை ஆற்ற முற்படும் மாணாக்கர் நம் கல்லூரியினின்றும் தோன்றுவாராக.