பம்ப் லயத்தில், ஆள் மலையில்

பெரட்டுக்குக் கிளம்பும்போது கூடை, படங்கு, தேத்தண்ணிப் போத்தல், வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் கைக்கு வந்துவிடும். மூச்சு முட்டும்போது இழுக்கும் நீலப் பம்ப் மட்டும் லயத்துக் காம்பராவில், சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். நாள்பட்ட நெஞ்சு வருத்தத்தோடு தோட்டத்தில் வேலை செய்கிறவர் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். நிறைந்த கூடையோடு நிறுவைக்கு ஏறும்போது மூச்சு முட்டினால், சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும் பம்ப் உதவாது.

இடுப்புச் சுருக்குப்பைதான் அதற்குச் சரியான இடம். மூடியைப் போட்டு வையுங்கள். மூடி இல்லாவிட்டால் பாக்குத்தூளோ சில்லறைக் காசோ பம்பின் வாய்க்குள் புகுந்து, அடுத்த இழுப்பில் தொண்டைக்குள் போய்விடலாம். உடம்போடு இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் உறைபனி கொழுந்தையே கருக்கிவிடும். குளிர்ந்துபோன பம்ப் மருந்தைச் சரியாகப் பீய்ச்சாது. உள்ளங்கையில் சில நிமிடம் பொத்தி வைத்தால் போதும். அடுப்பருகே மட்டும் கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும்.

இழுக்கும் முறையில்தான் பாதி மருந்து வீணாகிறது. நன்றாகக் குலுக்கி, உள்ளே இருக்கிற மூச்சை வெளியே விடுங்கள். உதட்டால் இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். கடைசிவரை இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். அடுத்த இழுப்புக்கு அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும். அழுத்திய கையோடு மருந்து மூக்கு வழியாகப் புகைபோல வந்தால், அது நெஞ்சுக்குப் போகவில்லை. கையும் மூச்சும் ஒத்துவராதவர்கள் கிளினிக்கில் ஸ்பேசர் (பம்பில் பொருத்தி இழுக்கும் குழாய்) கேளுங்கள்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதுப் பம்ப் என்றாலும், ஐந்து நாளுக்கு மேல் தொடாத பம்ப் என்றாலும், முதலில் இரண்டு முறை காற்றில் அடித்துவிடுங்கள். பம்புக்குப் பதில் கருவியில் போட்டு இழுக்கும் கெப்சியூல் தந்திருந்தால், அதை விழுங்கக் கூடாது. மலை ஈரத்தில் திறந்தும் வைக்கக் கூடாது.

இழுத்தபின் சற்று நேரம் கை நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். மருந்தின் குணம் அது. ஆனால் நடுக்கம் அடங்கும்வரை கவ்வாத்துக் கத்தியைத் தொடாதீர்கள். படபடப்பு நீடித்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். பிரஷருக்கோ இருதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் அதையும் கிளினிக்கில் காட்ட வேண்டும். புரொப்ரனலோல் போன்றவை இந்த மருந்துக்கு நேர் எதிரி.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நீலப் பம்பில் பொதுவாக இருக்கும் சல்பியூட்டமோல் உடனே மூச்சுக்குழாயைத் திறந்துவிடும். தினமும் இழுக்கச் சொல்லித் தந்த மற்றப் பம்ப் முட்டு வந்த நேரத்தில் கைகொடுக்காது. பெயர் இங்கிலீஷில் இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்டீரோய்ட் பம்ப் என்றால் இழுத்தபின் வாய் கொப்பளியுங்கள்.

சல்பியூட்டமோல் பம்ப் ஒன்றில் பொதுவாக 200 இழுப்பு இருக்கும். மாதக்கணக்கில் வந்தது இப்போது வாரக்கணக்கில் தீர்கிறதா? நான்கு மணி நேரம் தாங்கிய இழுப்பு இரண்டு மணி நேரத்தில் விட்டுப்போகிறதா? இன்னொரு பம்ப் வாங்கினால் தீராது. நோய் கூடியிருக்கிறது, கிளினிக்குக்குப் போங்கள்.

காரணம் வேலை செய்யும் இடத்திலேயே இருக்கலாம். வைத்தியர் சி. ஜி. உரகொட 1970இல் டீமேக்கர்களுக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றியே ஒரு மருத்துவக் கட்டுரை எழுதினார். தேயிலைத் தூசியில் வேலை செய்கிறவர்களின் நெஞ்சு நோய் பற்றி 1980இலும் எழுதினார். அரை நூற்றாண்டாக மருத்துவம் அறிந்த விஷயத்தை, "கொஞ்சம் சளி, பழகிவிடும்" என்று ஒதுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறையில் நிற்கும்போது முட்டு கூடி, லீவு நாளில் குறைந்தால் அந்தத் திகதிகளைக் கிளினிக் கொப்பியில் குறித்துவையுங்கள். வைத்தியரிடம் கடிதம் வாங்கி, தூசி குறைந்த வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பம்பை இழுத்துவிட்டு அதே தூசியில் நிற்பது வைத்தியம் ஆகாது. வீட்டில் விறகுப் புகை, பீடி, சிகரெட் கணக்கும் இதே கொப்பியில்தான் வரும்.

சொன்ன அளவு இழுத்தும் ஒரு வசனம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆள் மயங்குகிறார் என்றால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். தோட்டப் பெயரோடு டிவிஷன் பெயரையும், வாகனம் வந்து நிற்கக்கூடிய ரோட்டையும் சொல்லுங்கள். மலையில் வேலை பார்க்கிற கங்காணிமாரே, கணக்கப்பிள்ளைமாரே, அந்த நான்கு இலக்கத்தை இன்றைக்கே உங்கள் போனில் போட்டுவையுங்கள்.