அப்பா அம்மாவுக்கு ஒரு பழைய லேப்டாப்

வயதான பெற்றோருக்கு லேப்டாப் வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும், புதியது வேண்டாம், நல்ல பழையதாகப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். 25,000 ரூபாய்க்குள் புதிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் உடம்பும், மங்கலான திரையும், வேகமில்லாத பிராசஸருமாக இருக்கின்றன. அதே பணத்துக்கு, ஒரு காலத்தில் அதைப்போல மூன்று மடங்கு விலைக்கு விற்ற ஆபீஸ் லேப்டாப் கிடைக்கும். பெரிய கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களை மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாக மாற்றிவிடுகின்றன. அவை லாட் லாட்டாகச் சென்னை ரிச்சி தெருவுக்கும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கும் வந்து சேர்கின்றன. லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக் என்று கேட்டால் எடுத்து வைப்பார்கள். நாள் முழுக்க உழைப்பதற்கென்றே செய்தவை இவை. உதிரி பாகம் சுலபமாகக் கிடைக்கும். பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் சின்ன ஊர்களிலும் இருக்கிறார்கள்.

என் பெற்றோர் கோவில்பட்டியில் இருக்கிறார்கள், இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். நான் சென்னையில். கடைக்குப் போகுமுன் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

"எனக்கு எதுக்கும்மா, போனே போதும்" என்றார் அப்பா.

"அவுக பாக்காட்டா நான் பாத்துக்கிடுதேன், நீ வாங்கு" என்றாள் அம்மா.

பேசப் பேசத்தான் விஷயம் வெளியே வந்தது. அப்பா தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்களைப் போனில் படிக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் விரலால் பெரிதாக்கி, நகர்த்தி, மறுபடி நகர்த்தி. பென்ஷன் சம்பந்தமான பிடிஎஃப்களும் வங்கிக் கணக்கு விவரமும் பார்க்க வேண்டும். அம்மாவுக்குச் சாயங்காலம் பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால், மற்ற நேரத்தில் தமிழில் எழுத வேண்டும். எதைச் சோதிக்க வேண்டும் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிட்டது. கடைக்காரர் சொல்லும் 'ஏ கிரேடு' பெரும்பாலும் மேலே கீறல் இல்லை என்பதற்குத்தான்.

என் கணக்கில் திரைதான் முதலில். கடையில் லேப்டாப்பைக் கொடுத்ததும் இணையத்தை இணைத்து, ஸ்கேன் செய்த ஒரு பழைய புத்தகத்தின் பக்கத்தைத் திறந்து, அப்பா உட்காரும் தூரத்தில் நின்று பார்த்தேன். 1366×768 திரையில் மெய்யெழுத்தின் புள்ளிகள் பழுப்புத் தாளோடு கரைந்துபோயின; 'ண'வின் சுழிகளை எண்ண முடியவில்லை. பக்கத்திலேயே 1920×1080 திரையில் அதே பக்கம் தெளிவாக நின்றது. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசமில்லை. ஃபுல் ஹெச்டியில் எழுத்து பொடியாகத் தெரியுமே என்று தயங்க வேண்டாம். விண்டோஸில் அளவை 150 சதவீதமாக வைத்தால் பெரிதாகவும் தெரியும், கூர்மையாகவும் தெரியும்.

அடுத்து, பக்கவாட்டில் நின்று பாருங்கள். வயதானவர்கள் வீடியோ காலில் தனியாக உட்காருவதே இல்லை, இருவரும் சேர்ந்துதான் உட்காருவார்கள். மலிவான டிஎன் திரை நேரே பார்த்தால்தான் சரியாகத் தெரியும். சற்று விலகினால் நிறம் மாறி, முகம் இருண்டுவிடும். ஐபிஎஸ் திரையில் அந்தத் தொல்லை இல்லை. திரை பளபளப்பாக இல்லாமல் மேட்டாக இருக்கட்டும், இல்லையென்றால் கூடத்து டியூப்லைட் முழுக்க அதில்தான் தெரியும். கண்ணாடி பைஃபோகலா என்றும் கவனியுங்கள். கிட்டப் பார்ப்பதற்கான பகுதி கண்ணாடியின் கீழ்ப்பக்கம் இருப்பதால், ஸ்டாண்ட் போட்டுத் திரையை உயர்த்தினால் தலையை அண்ணாந்து வைத்துப் பார்ப்பார்கள், கழுத்து வலிக்கும். அவர்களுக்கு லேப்டாப் மேஜைமேலேயே தாழ்வாக இருப்பதுதான் நல்லது.

ஒலியைச் சோதிக்கப் பாட்டு போடாதீர்கள், செய்தி வாசிப்பைப் போடுங்கள். வயதில் முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன்; சத்தம் காதில் விழும், சொல் பிடிபடாது. ஆபீஸ் லேப்டாப்களில் ஸ்பீக்கர் பொதுவாகச் சுமார்தான், பலவற்றில் அடிப்பக்கம் பார்த்து இருக்கும். யுஎஸ்பி ஸ்பீக்கர் ஒன்று சேர்த்து வாங்கிவிடுங்கள். கூடவே வயர் உள்ள மவுஸும். டச்பேடில் விரலைத் தேய்த்துப் பழகச் சொல்வது அந்த வயதில் வீண் சிரமம். கேமரா இருக்கிறதா என்றும் பாருங்கள். சில கம்பெனிகள் கேமரா இல்லாமலே வாங்கியிருக்கும்.

கீபோர்டுக்கு நோட்பேடைத் திறந்து வரிசையாக எல்லா விசையையும் தட்டுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த லாட்களில் வேற்று மொழி விசைகளின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், சில மாதத்தில் அது உரியும். தமிழில் தட்ட விண்டோஸிலேயே தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகை முறைகளும் இருக்கின்றன. அம்மா போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைத்துப் பழகியவள் என்பதால் அஞ்சலே அவளுக்குக் கைவந்தது.

உள்ளே இருப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஐ5-8350யு என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8தான் தலைமுறை; ஐ5-7200யு என்றால் அது ஏழு, வேண்டாம். "அதுலயும் லெவன் போட்டுத் தர்றோம் மேடம்" என்பார்கள். சுற்றுவழியில் ஏற்றியதை நம்பி வங்கி வேலை பார்க்க முடியாது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இந்த வேலைகளுக்குத் தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க் மட்டும் எந்த விலைக்கும் கூடாது. ஏற்கெனவே வீட்டில் 7ஆம் தலைமுறை லேப்டாப் இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுங்கள், இணையம் பார்க்க, எழுத, பேச அது போதும்.

பலருக்குத் தெரியாத ஒரு பொறி, பழைய கம்பெனியின் பூட்டு. நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப், பிற்பாடு ரீசெட் செய்து வைஃபையை இணைத்ததும், ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அதன் மின்னஞ்சலைக் கேட்கும். அந்தக் கம்பெனி தன் பதிவிலிருந்து அதை இன்னும் விடுவிக்கவில்லை என்று அர்த்தம். ஆகவே கடையிலேயே ரீசெட் செய்யச் சொல்லி, இணையத்தை இணைத்து, முதல் திரை வரும்வரை காத்திருங்கள். அரை மணி நேரம் ஆகலாம், டீ சாப்பிட்டு வரலாம். பயாஸுக்குள்ளும் போய்ப் பாருங்கள்: ஆன் செய்யும்போது லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பை அங்கேயே வைத்துவிடுங்கள்.

பேட்டரிக்கு, "பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். விண்டோஸே தரும் அந்த அறிக்கையில், புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது முழுசாகச் சார்ஜ் ஏறினால் நிற்கும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 48,000 இருந்த இடத்தில் 30,000 இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், வாங்கலாம்; மின்வெட்டில் ஒரு வீடியோ காலை முடிக்கும் அளவுக்குத் தாங்கினால் சரி. ஆனால் டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, மேஜையில் வைத்தால் அடிப்பக்கம் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். தீப்பிடிக்கக்கூடியது அது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது. சார்ஜரும் லேப்டாப் கம்பெனியின் அசலாக இருக்கட்டும்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஒரு மாத 'டெஸ்டிங் வாரண்டி' என்றால் அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நான் வாங்கிய கடையில் கேட்டதும் எழுதிக் கொடுத்தார்கள். எழுத மறுக்கும் கடையில் வாயால் சொல்லும் ஆறு மாதத்துக்கு மதிப்பில்லை.

பெற்றோர் கையில் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். கடையில் ஏற்றிக் கொடுத்த விண்டோஸையும் எம்எஸ் ஆபீஸையும் அப்படியே விடக் கூடாது. திருட்டு ஆக்டிவேட்டரோடு என்ன சேர்ந்து வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆபீஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் விண்டோஸ் புரோ உரிமம் உள்ளேயே இருக்கும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து பென் டிரைவில் எடுத்துப் புதிதாக ஏற்றினால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். எழுத லிப்ரே ஆபீஸ் போதும். பெற்றோருக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று திறந்துகொடுத்து, அட்மின் பாஸ்வேர்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எதையோ தெரியாமல் அழுத்தினாலும் கண்ட மென்பொருள் அவ்வளவு சுலபத்தில் உள்ளே ஏறாது. பிரவுசரில் நோட்டிஃபிகேஷன் கேட்பதையே முற்றாக அணைத்துவிடுங்கள். "உங்கள் கணினியில் வைரஸ்" என்று மூலையில் வந்து பயமுறுத்துபவற்றில் பல, எப்போதோ ஒரு தளத்துக்கு 'அலவ்' கொடுத்ததால் வருபவை. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போட்டால் விளம்பரத் தொல்லையும் ஒழியும்.

தூரத்திலிருந்து உதவ விண்டோஸிலேயே க்விக் அசிஸ்ட் இருக்கிறது. நான் சொல்லும் குறியீட்டை அப்பா தட்டினால் அவர் திரை என் திரையில் தெரியும். இதே வழியில்தான் மோசடிக்காரர்களும் வருகிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். திரையைக் காட்டச் சொல்லி என் குரலிலேயே அழைப்பு வந்தாலும், அதை வைத்துவிட்டு என் நம்பருக்கு அவர்கள் திருப்பி அழைக்க வேண்டும். போலீஸ், வங்கி, பென்ஷன் ஆபீஸ் என்று யார் கேட்டாலும் திரை கிடையாது, ஓடிபி கிடையாது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் எதுவுமே இல்லை என்பதை அம்மாவுக்கு ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இதையெல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் அழைக்க வேண்டிய எண் 1930. அதைப் பெரிதாக எழுதி, வீட்டில் போன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைப் பாதியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.