மூளைக்கும் கவாத்து உண்டு

பத்தாம் வகுப்பு நரம்பு மண்டலப் பாடத்தில் நியூரானுக்கே பெரும்பகுதி நேரம் போய்விடும். நியூரோகிளியா செல்கள் சுருக்கமாகவே அறிமுகமாகின்றன. அவற்றுள் ஒன்றான மைக்ரோகிளியாவுக்கு நான் ஒரு பாடவேளை முழுவதையும் ஒதுக்குகிறேன். பெற்றோர் நம்மிடம் கேட்கும் ஒரு முக்கியமான கேள்விக்கான விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காவலரே தோட்டக்காரர்

மைக்ரோகிளியாவை 1919இல் தனிவகைச் செல்லாக அடையாளம் கண்டவர் ஸ்பெயின் நாட்டின் பியோ தெல் ரியோ ஓர்தேகா. இவை மூளையில் குடியிருக்கும் நோய்த்தடைக்காப்புச் செல்கள். கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்குபவை.

இவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வளரும் மூளையில் நியூரான்களுக்கிடையே தேவைக்கு மேல் இணைப்புகள் உருவாகின்றன. பயன்படுபவை வலுப்பெறும், பயன்படாதவை நீக்கப்படும். செடிக்குக் கவாத்து செய்வது போலத்தான். இரத்தத்தில் கிருமிகளுக்கு அடையாளமிடும் நிரப்புப் புரதங்களே மூளையில் நீக்க வேண்டிய இணைப்புகளுக்கும் அடையாளமிடுகின்றன என்று 2007இல் பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரஸ் குழுவினர் எலிகளில் கண்டறிந்தனர். அந்த இணைப்புகளை மைக்ரோகிளியா விழுங்குவது 2012இல் தெரியவந்தது.

வகுப்பறைச் செயல்பாடு

பத்து மாணவர்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் மூன்று பேருடன் நூலால் இணையுங்கள். நீங்கள் பெயர் சொல்லும் இருவர் தங்களுக்கிடையே உள்ள நூலை இழுத்துச் சைகை அனுப்பட்டும். ஐந்து நிமிடங்களில் இழுக்கப்படாத நூல்களில் ஒரு மாணவி சீட்டு ஒட்டுவார். அவர் நிரப்புப் புரதம். சீட்டுள்ள நூலைக் கத்தரிப்பவர் மைக்ரோகிளியா. அடுத்த சுற்றில் எல்லா நூலிலும் சீட்டு ஒட்டினால் என்ன ஆகும்? எதிலும் ஒட்டாவிட்டால்? விடையை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

கவாத்தின் அளவு முக்கியம். நிரப்புப் புரதம் ஒன்றை உருவாக்கும் சி4 மரபணுவின் சில வடிவங்கள் மனச்சிதைவு நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது. நோய்த்தடைக்காப்பின் பங்கு இன்னும் ஆராயப்படுகிறது.

பெற்றோர் கேட்கும் கேள்வி

“தடுப்பூசி போட்டால் ஆட்டிசம் வருமாமே?” என்று கேட்பவர்களுக்கு நான் ரூபெல்லாவின் கதையைச் சொல்வேன். 1964-65இல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லாவால் சுமார் 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்புடன் பிறந்தனர். காது கேளாமை, கண்புரை, இதயக் குறைபாடு ஆகியவற்றோடு, அக்குழந்தைகளிடம் ஆட்டிசமும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததை மருத்துவர் ஸ்டெல்லா செஸ் 1971இல் பதிவு செய்தார். கருவிலுள்ள மூளையைத் தாக்கியது நோய். அதைத் தடுப்பது ஊசி. 2017இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் முதற்கட்டமாகத் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்விலும் அப்படியொரு தொடர்பு இல்லை.

ஓர் எச்சரிக்கை

இந்தப் பாடம் எந்தத் தாயின் மீதும் பழியாகிவிடக் கூடாது. கர்ப்ப காலத்தில் காய்ச்சல் கண்ட தாய்மார்களில் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகள் இயல்பாகவே வளர்கின்றனர். ஆட்டிசம் உள்ள குழந்தையின் தாயிடம் “அப்போது உங்களுக்கு என்ன வந்தது?” என்று கேட்க வேண்டாம். “பிள்ளைக்கு எப்படிச் சொன்னால் எளிதாகப் புரியும்?” என்று கேட்போம். நம் கற்பித்தலுக்குப் பயன்படுவது அந்த விடைதான்.